டெவில்ஸ் பெண்டில் ஒரு ரொட்டி வேன்

சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் செம்பவாங் ஹில்ஸைத் தாண்டியதும் காட்டோரமாக ஒரு சின்னச் சாலை பிரியும். வளைந்து நெளிந்து ஏறி இறங்கி, வடக்கே போய் மறுபடி அதே அப்பர் தாம்சன் சாலையில் சேர்ந்துவிடும். பெயர் பழைய அப்பர் தாம்சன் சாலை. அந்த வழியாகப் போவதால் நேரம் மிச்சமாகாது, தூரமும் குறையாது. ஆனாலும் ரொட்டி வேன் ஓட்டிய நான்கு ஆண்டுகளும் நான் அந்த வழியாகத்தான் போனேன்.

விடிகாலை நாலரை மணி. பின்னால் இருபத்துச் சொச்சம் தட்டுகளில் ரொட்டி. ஈசூன் கடைகளுக்கு ஐந்தரைக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். நேர்ச்சாலையில் விளக்குக்கு விளக்கு நின்று போவதற்குப் பதில் இருட்டில் அந்த வளைவுகளைக் கடந்து போவது பிடித்திருந்தது, அவ்வளவுதான். அது பழைய கார் பந்தயத் தடம் என்று முதல் சில மாதங்கள் எனக்குத் தெரியவே தெரியாது. பெரியப்பாவிடம் ஒரு தீபாவளியன்று பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். இளவயதில் பந்தயம் பார்க்க நண்பர்களோடு நடந்தே போனவர்.

"அங்கே வேன்லயா போறே? டெவில்ஸ் பெண்ட்ல பிரேக் எங்கே பிடிக்கிறே, சொல்லு."

எனக்கு எந்த வளைவைக் கேட்கிறார் என்று புரியவில்லை. ஆனால் பதில் தெரிந்திருந்தது. அந்தச் சாலையில் ஒரே ஒரு இடத்தில்தான் தட்டுகள் சரியும்.

அவர் பார்த்த பந்தயம் 1961இல் தொடங்கியது. சிங்கப்பூர் உள்நாட்டுச் சுயாட்சி பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சுற்றுப்பயணிகளை வரவழைக்க அரசு நடத்திய 'ஓரியண்ட் இயர்' பிரசாரத்தின் ஒரு பகுதியாக 'ஓரியண்ட் இயர் கிராண்ட் பிரி' அறிவிக்கப்பட்டது. கார் பந்தயம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பாலத்துக்கு அப்பால் ஜொகூர் பாருவில் 1940இலேயே கிராண்ட் பிரி நடந்திருக்கிறது. சிங்கப்பூரிலும் லிம் சூ காங்கில் வேகப் போட்டிகளும், சவுத் புவன விஸ்தா சாலையில் மேடேறும் போட்டிகளும் நடந்துவந்தன. ஆனால் ஊர் திரண்டு வந்து பார்க்கும்படியான முழுநீளப் பந்தயம் ஒன்று வேண்டுமென்றால் அதற்கு ஒரு தடம் வேண்டும். தனித் தடம் கட்டப் பணமும் இல்லை, நிலமும் இல்லை. இருந்தது ஒரு சாலை. பழையதும் புதியதுமாக இரண்டு பாதைகள் இரு முனைகளிலும் சேர்ந்து தானாகவே ஒரு வளையம் போட்டிருந்த சாலை. மூடினால் தடம், திறந்தால் போக்குவரத்து.

சுற்றின் நீளம் 4.865 கிலோமீட்டர். கடிகார முள் சுற்றும் திசையில் ஓட வேண்டும். வடக்கிலிருந்து தெற்கே வரும் நேர்ச்சாலைக்குத் தாம்சன் மைல் என்று பெயர். அது முடியும் இடத்தில் வலப்பக்கம் மடங்கும் கொண்டை ஊசி வளைவு, சர்க்கஸ் ஹேர்பின். சர்க்கஸ் என்றதும் கூடாரத்தையும் கோமாளியையும் நினைக்க வேண்டாம், ரவுண்டானாவுக்கு அந்தக் காலத்துச் சொல் அது. அதைத் தாண்டினால் பழைய சாலைக்குள் நுழைகிறோம். முதலில் அடுத்தடுத்து நான்கு வளைவுகள், ஸ்நேக்ஸ். பாம்பு முடியும் இடத்தில் டெவில்ஸ் பெண்ட். பிறகு லாங் லூப், பீக் பெண்ட், ரேஞ்ச் ஹேர்பின். அங்கிருந்து மறுபடி தாம்சன் மைல்.

காலையில் நிறைந்த வேனோடு ஈசூனுக்குப் போகும்போது பழைய சாலை வழியாக வடக்கே ஏறுவேன். எட்டு மணிவாக்கில் காலித் தட்டுகளோடு திரும்பும்போது நேர்ச்சாலையில் தெற்கே இறங்குவேன். ஆக, ஒவ்வொரு நாளும் பந்தயச் சுற்றின் இரண்டு பாதிகளையும் சரியான திசையிலேயே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நடுவில் மூன்று மணி நேரக் கடைவேலை. அந்தக் கணக்கில் என் சுற்று நேரம் மூன்றரை மணிக்குக் குறையாது. 1973இல் ஆஸ்திரேலியாவின் லியோ கேகன் ஓட்டிய மிக வேகமான சுற்று 2 நிமிடத்துக்கும் குறைவு. சராசரியாகப் பார்த்தால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும்.

இந்த 150 என்ற எண்ணை அந்தச் சாலையை ஓட்டாமல் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். இன்றைக்கு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் யார் வேண்டுமானாலும் தொடக்கூடிய வேகம்தான். ஆனால் இங்கே அது சராசரி. இரண்டு ஹேர்பின்களில் வேகம் வெகுவாக இறங்கி, பாம்பில் தடுமாறி, அதையெல்லாம் சேர்த்த பிறகும் 150. நான் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் போனேன். அதைப்போல மூன்று மடங்கு வேகம் என்றால், வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசை மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு. பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரமும் ஏறத்தாழ அப்படியே. என் வேகத்திலேயே தட்டு சரிந்தது.

டெவில்ஸ் பெண்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைக் கதைகளில் தேட வேண்டியதில்லை. அந்த வளைவைத் தனியாக எடுத்துப் பார்த்தால் கூர்மையானது, ஆங்கில 'வி' எழுத்துப்போல மடங்குவது, அவ்வளவே. அப்படிப்பட்ட வளைவுகள் மலைச்சாலைகளில் எத்தனையோ உண்டு. சிக்கல் அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் வரும் நான்கு வளைவுகளும் ஓட்டுபவனுக்கு ஒரு தாளத்தைப் பழக்கிவிடுகின்றன. இடம், வலம் என்று கை தானாக ஆடத் தொடங்கும், வண்டியின் எடையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊஞ்சல்போலப் போய்வரும். நான்காவது முடிந்ததும் அதே தாளத்தில் இன்னொன்று என்று உடம்பு எதிர்பார்க்கும். வருவதோ மடக்கு. நேராக நின்று பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் வண்டி இன்னும் முந்தின வளைவின் ஆட்டத்திலிருந்து நிமிர்ந்திருக்காது. முழுச் சுமையோடு, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தட்டுகள் சரியும்போதெல்லாம் நான் செய்த தப்பு இதுதான். பாம்பின் மூன்றாவது வளைவிலேயே வேகத்தை விட்டுவிட வேண்டும் என்று கை கற்றுக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் உள்ளங்கையைத் தொடையில் தட்டினார். "அதைத்தான்டா அங்கே நின்னு பார்த்தோம். மூணாவதுலயே தெரிஞ்சிடும், இவன் திரும்புவானா மாட்டானான்னு."

மழையன்று நடந்த ஒரு சரிவில் முப்பது பாக்கெட் நசுங்கி, அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். சாலையின் மேல் எனக்குக் கோபமில்லை. பிடித்தவர்கள் மேல் கொஞ்சம் உண்டு.

தாம்சன் மைலில் ஆபத்து வேறு வகை. அது முழு நேர்கோடு அல்ல, நடுவே வலப்பக்கம் இலேசாக ஒடியும். ஒடியும் இடத்திலேயே ஒரு மேடு. அதற்குப் பெயரும் மேடுதான்: ஹம்ப். வேகமாக வரும் கார் மேட்டின் உச்சியைத் தாண்டும்போது கீழே இறங்கும் சாலையைவிட்டு மேலெழப் பார்க்கும். அந்த நொடியில் டயர்களின் மேல் எடை இல்லை. எடை இல்லையென்றால் பிடிப்பும் இல்லை. பிடிப்பில்லாத சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். அதாவது, திரும்ப வேண்டிய இடமும் திருப்ப முடியாத இடமும் ஒன்றாக இருக்கின்றன. கார் எழும்புவதற்கு முன்பே அதை வலப்பக்கம் நோக்கி நிறுத்திவிட்டு, காற்றில் கையை அசைக்காமல் இருந்து, இறங்கிய பிறகு சரிசெய்ய வேண்டும். இங்கேதான் பார்வையாளர் கூட்டம் நெருக்கியடித்தது. நான்கு சக்கரமும் தரையை விட்டு எழுவதை வேறெங்கே பார்க்க முடியும்!

இதையெல்லாம் விடச் சாலை சாலையாகவே இருந்தது என்பதுதான் பெரிய ஆபத்து. பந்தயத்துக்காக அதில் எதையும் மாற்றிக் கட்டவில்லை. ஓரத்தில் விளக்குக் கம்பங்கள் நின்றன. பேருந்து நிறுத்தங்கள் இருந்தன. ஆழமான மழைநீர்க் கால்வாய்கள் திறந்து கிடந்தன. வழுக்கிப்போகும் கார் மெல்ல வேகம் குறைந்து நிற்க ஒரு பந்தயத் தடத்தில் புல்வெளியோ மணல்படுகையோ இருக்கும். இங்கே தார் முடியும் இடத்தில் கம்பம் தொடங்கியது. போதாதற்கு மழை. 1964ஆம் ஆண்டுப் பந்தயம் கனமழையால் பாதியில் நிறுத்தப்பட்டது, வெற்றியாளர் பட்டியலில் அந்த ஆண்டுக்குப் பெயரில்லை.

அந்தப் பட்டியல் ஒரு கதை சொல்கிறது. 1961இல் ஜெயித்தவர் இயன் பார்ன்வெல், ஆஸ்டன் மார்ட்டின் காரில். 1962இல் யோங் நாம் கீ, ஜாகுவார் இ-டைப்பில். கடையில் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தக்கூடிய கார் அது, விலைதான் கட்டுப்படியாகாது. 1963இலும் 1965இலும் ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன், லோட்டஸ் 23. 1962 முதல் மலேசிய கிராண்ட் பிரி என்று ஓடிய பந்தயம், நாடு பிரிந்த பிறகு 1966இல் சிங்கப்பூர் கிராண்ட் பிரி ஆனது. அந்த ஆண்டு ஜெயித்தவர் லீ ஹான் செங். இதுவரைக்கும் பெரும்பாலும் இந்த வட்டாரத்து ஆட்கள், வாரநாளில் வேறு வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் ஹெல்மெட் மாட்டியவர்கள்.

1968 முதல் காற்று மாறுகிறது. அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் கேரி கூப்பர் தன் சொந்தத் தயாரிப்பான எல்ஃபின் 600ஐக் கொண்டுவந்து ஜெயித்தார். பந்தயத்துக்கென்றே பிறந்த ஒற்றை இருக்கை வண்டி. அடுத்த மூன்று ஆண்டுகளும் நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ். அவர் 1970இல் ஓட்டியது ஃபெராரி 246டி. அதற்கு முந்தின ஆண்டு அதே ஃபெராரியை ஓட்டித்தான் கிறிஸ் ஏமன், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த டாஸ்மன் பந்தயத் தொடரை வென்றிருந்தார். ஐரோப்பாவின் முதல்தரத் தொழிற்சாலை ஒன்றின் பந்தயக் கார், செம்பவாங்குக்குப் போகும் பேருந்து நிறுத்தங்களைத் தாண்டிப் பறந்தது. 1972இல் மேக்ஸ் ஸ்டூவர்ட். 1973இல் வெர்ன் ஷுப்பன், மார்ச் நிறுவனத்தின் காரில். பத்து ஆண்டுகள் கழித்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர்களில் இவர் ஒருவர்.

பன்னிரண்டு ஆண்டுகளில் கார்கள் இலேசாயின, டயர்கள் அகன்றன, இறக்கை முளைத்தது. சாலை 1961இல் இருந்த அகலத்திலேயே இருந்தது. கால்வாயும் அதே கால்வாய். இந்தத் தடத்தை மூட வைத்தது இந்த இடைவெளிதான் என்பது என் கருத்து. பந்தயம் நடந்த காலத்தில் ஏழு பேர் இறந்தார்கள், கடைசி இரண்டு ஆண்டுகளிலும் சாவு நேர்ந்தது. ஓட்டுநர்கள் திறமை குறைந்துபோனார்கள் என்று யாரும் சொல்ல முடியாது, வந்தவர்கள் முன்னைவிடத் தேர்ந்தவர்கள். தவறுக்கு இடமில்லாமல் போயிற்று.

1973 பந்தயமே கடைசி. அரசு பந்தயத்தை நிறுத்தியதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. பந்தயம் பார்த்துவிட்டுப் போகும் இளைஞர்கள் சாலையிலும் அப்படியே ஓட்டுகிறார்கள் என்ற கவலை அவற்றில் ஒன்று. இன்னொன்று போக்குவரத்து. இதைப் பந்தய ரசிகர்கள் சாக்குப்போக்கு என்று ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நகரத்திலிருந்து நீ சூன் கிராமத்துக்கும் செம்பவாங் கடற்படைத் தளத்துக்கும் போக அப்பர் தாம்சன்தான் வழி. தளத்தைச் சுற்றித் தமிழரும் மலையாளிகளும் சீனரும் மலாய்க்காரருமாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள். பந்தயம் என்றால் அந்த வழி அடைபடும். 1961இல் அதைத் திருவிழா என்று பொறுத்துக்கொள்ளலாம். எழுபதுகளில் பிரிட்டிஷார் வெளியேறி, தளம் கப்பல் பட்டறையாகி, வடக்கே தொழிற்சாலைகளும் வீடமைப்பும் வரத் தொடங்கிய நாட்டில் அது முடியாது. "பந்தயம் பார்க்க நடந்து போனது ஆசையால மட்டுமில்லடா, பஸ் கிடையாது" என்று பெரியப்பாவே ஒருநாள் ஒத்துக்கொண்டார். 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. பெட்ரோல் சேமிக்கச் சொல்லும் அரசு, பெட்ரோலை எரித்து ஓடும் பந்தயத்துக்குச் சாலையை மூடித் தர முடியுமா?

அதன்பின் சிங்கப்பூரில் கிராண்ட் பிரி மறுபடி நடக்க 35 ஆண்டுகள் ஆயின. 2008இல் மரினா பேயில், இரவில், விளக்கு வெளிச்சத்தில். அதுவும் தெருக்களை மூடித்தான். ஆனால் கான்கிரீட் சுவர்களும் வேலிகளும் போட்டுத் தெருவைத் தெருவாக இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் பந்தயம். 1961இல் செய்யாமல் விட்ட வேலை முழுவதும் அங்கே ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது.

மலேசியா எடுத்த வழி இதற்கு நேர்மாறு. அங்கே ஷா ஆலம் அருகே பத்து தீகாவில் 1968இலேயே தனித் தடம் கட்டினார்கள். முறையான தடம், நல்ல தடம், பல சர்வதேசப் பந்தயங்களைக் கண்ட தடம். 1999இல் செப்பாங் பந்தயத் தடம் வந்த பிறகு அது மங்கியது, 2003இல் மூடப்பட்டது. இன்றைக்கு அந்த இடத்தில் வீடுகள். பத்து தீகாவில் ஓட்டியவர்கள் தங்கள் வளைவைத் தேடிப் போனால் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில்தான் போய் நிற்க வேண்டும். பந்தயத்துக்கென்றே கட்டிய தடத்துக்குப் பந்தயம் போனால் வேறு பிழைப்பில்லை. நிலத்தின் விலை அதை விழுங்கிவிடும். தாம்சன் தடத்துக்கோ பந்தயம் என்பது ஆண்டுக்கு ஒருமுறை போட்ட வேஷம். வேஷத்தைக் கலைத்துவிட்டு மறுநாளே பழைய வேலைக்குத் திரும்பியது. அதனால்தான் ரொட்டி வேன் ஓட்டுபவனும் அதே வளைவில் அதே தப்பைச் செய்ய முடிந்தது.

முழுசாக அப்படியே இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. தாம்சன் மைல் இன்று நடுவே தடுப்பு வைத்த அகன்ற சாலை. சர்க்கஸ் ஹேர்பின் இருந்த பக்கத்தில் கேசுவரினா சாலை புரோட்டாக் கடைக் கூட்டம். முன்பு கியரை இறக்கி இறக்கி என்ஜின்கள் அலறிய மூலையில் இப்போது பரோட்டாக் கல்லின் ஓசை. வேலை முடிந்து திரும்பும்போது அங்கே வேனை ஓரங்கட்டி, ஒரு முட்டை புரோட்டாவும் பாலில்லாத தே ஓவும் சாப்பிடுவது வழக்கம். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் "நீங்கள் உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட பந்தயத் தடத்தில்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் நம்பவில்லை.

பழைய சாலை மட்டும் தன் நெளிவை விடவில்லை. அதற்கும் புதிய சாலைக்கும் நடுவில் இருந்த காட்டை 2019 அக்டோபரில் தாம்சன் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். உள்ளே நடந்தால் ஹைனானியர் கிராமம் ஒன்றின் மிச்சங்கள் இருக்கின்றன. படிக்கட்டுகள், இடிந்த சுவர்கள், ரம்புத்தான் தோட்டம் இருந்த இடம். எண்பதுகள்வரை ஆட்கள் வாழ்ந்த ஊர். அப்படியென்றால் பந்தய நாட்களில் அந்த வீடுகள் வளையத்துக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும், நான்கு பக்கமும் கார்கள் சுற்ற. அந்த வீடுகளில் குழந்தையைத் தூங்கவைக்க முயன்ற அம்மாக்களைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

பூங்கா வந்தபோது சாலையையும் மாற்றினார்கள். இரண்டு தடம் இருந்த இடத்தில் வண்டிகளுக்கு ஒன்று, மற்றது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள், ராஃபிள்ஸ் கருங்குரங்குகள் சாலையில் இறங்காமல் கடக்க. உலகத்திலேயே அரிதாகிவிட்ட இனம், சிங்கப்பூரில் நூறுகூட இல்லை. சாதாரணக் குரங்குகளுக்குப் பாலம் ஒரு பொருட்டில்லை. அவை எப்போதும்போல் நடுச்சாலையில் உட்கார்ந்து பேன் பார்க்கின்றன.

பெரியப்பாவை ஒருமுறை வேனிலேயே அழைத்துப் போனேன். வேலை விட்ட கடைசி வாரம் அது. அவருக்கு எழுபத்தைந்து இருக்கும். காலித் தட்டுகள் பின்னால் கடகடத்தன. பாம்புக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வளைவில் நான் வேகத்தை விட்டேன். டெவில்ஸ் பெண்டில் எந்தத் தட்டும் சரியவில்லை. வெளியே வந்து சாலை கொஞ்சம் நேரானதும் கைப்பிடியை விட்டுவிட்டுச் சொன்னார்:

"ரொம்ப சீக்கிரம் பிரேக் பிடிச்சுட்டே."